பதினாலாம் நம்பர் கசாயம்

குடலைக் கக்கியபடி கிடந்தது பிணம்...

முரசுமோட்டை நடராசாவின் தண்ணீர் இறைக்கும் மெசின்!

"ஐயோ... களவு!"

மெக்கானிக் யோகநாதன் தன் வீட்டு முற்றத்தில் நின்று அலறிய அலறலில் பரந்தன் வரைக்கும் காகங்கள் கிளம்பின.

பதினாலாம் நம்பர் ஸ்பனரைக் காணவில்லை! அது இல்லாமல் மெசினுக்கு உயிர் வராது. வேறு வாங்க வவுனியாவுக்குப் போகவேண்டும். சண்டைக் காலம்; போக, பயண அனுமதிப் பாஸ் எடுக்கவேண்டும். பாஸ் கிடைப்பதற்குள் நெல் வைக்கோலாகிவிடும்!

"அண்ணை, பின்னேரத்துக்குள்ள தண்ணி பாயாட்டி என்ர நாலு ஏக்கரும் சரி!" நடராசா தலையில் கை வைத்தார்.

யோகநாதன் ஸ்பனர்கள் வைக்கும் ஆயுதப் பெட்டியைக் கவிழ்த்துத் தேடினார். அதே ஆயுதப் பெட்டியில் பத்து நாளுக்குள் இது இரண்டாவது களவு.

முதல் களவைப் பற்றி அவர் மூச்சே விடவில்லை...

ஏன்?

டங்... டங்... டங்...

"உது என்ன சத்தம்?"

"குசினிக்குள்ள, அண்ணை!"

பாய்ந்தார்கள். அடுப்பில் பானை. கொதிநீரில் துள்ளிக்கொண்டிருந்தது... பதினாலாம் நம்பர்!

"இஞ்சரப்பா, என்ன கூத்து இது?"

"கத்தாதேங்கோ. உங்கட சீனி வருத்தத்துக்கு மருந்து." யோகநாதனின் மனைவி இராசமலர் அகப்பையால் கிளறினாள். "வனேடியம், குரோமியம் சேர்ந்த மருந்து குடுத்து எலியளுக்குச் சீனி குறைஞ்சதெண்டு பேப்பரில கிடந்தது. உந்த ஸ்பனரில என்ன பொறிச்சிருக்கு? வாசியுங்கோ!"

குனிந்தார். குரோம் வனேடியம்!

"முதல் எட்டாம் நம்பர். பிறகு பத்து, பன்ரண்டு... அவிச்சுப்போட்டுத் திருப்பி வைச்சனான். இண்டைக்குத்தான் டோஸைக் கூட்டினனான்."

"அப்ப... பத்து நாளா நான் குடிச்ச தேத்தண்ணி?"

"ஓம்!"

"அக்கா... முந்தநாள் எனக்கும் தந்தனீங்களே!" நடராசா வயிற்றைத் தடவினார்.

"விசரி! இரும்பை அவிச்சா மருந்து வருமே? ஒரு மண்ணும் வராது!"

"அப்ப ஆசுப்பத்திரியில சலம் சோதிக்கேக்க? போன மாசம் சீனி கூடிச் செங்கல் நிறம். நேற்றுச் சீனியே இல்லாமச் சுத்த நீலம்! எப்பிடி வந்தது?"

"அது ஸ்பனராலயில்லை! பெட்டிக்கு அடியில ஒளிச்சு வைச்ச பனங்கட்டி துலைஞ்சதால..."

நாக்கைக் கடித்தார்.

பிந்திவிட்டது!

இராசமலர் அரிசி வாளிக்குள் கையை விட்டாள். வெளியே வந்தது ஒரு பொட்டலம்... பனங்கட்டி! பல் தடத்தோடு!

"எறும்பெல்லாம் ஆயுதப் பெட்டிக்கு ஏன் ஊர்வலம் போகுதெண்டு பாத்தனான். உந்த வாக்குமூலத்துக்குத்தான் பத்து நாளா ஸ்பனர் அவிச்சனான்!"

துப்பறிய வந்தவர் குற்றவாளியாக நின்றார்.

நடராசா பானைக்குள் அகப்பையை விட்டு ஸ்பனரை ஏந்தினார்.

"தீர்ப்பை ஆறுதலாப் பிறகு சொல்லுங்கோ, அக்கா... என்ர மெசினுக்கு ஸ்பனர் அரைவேக்காடாவே போதும்!"