அருளப்பன் வீட்டுப் பிள்ளைகள்

"ஐயோ... குடையை எடுங்க!"

அந்த வார்த்தை தன் வாயிலிருந்துதான் வந்ததா என்று அமலோற்பவத்துக்கே சந்தேகம். பி.எஸ்ஸி. விலங்கியல் படித்த மூன்று வருஷமும் வகுப்பில் எழுந்து ஒரு கேள்வி கேட்காதவள் அவள். இப்போது யாரென்றே தெரியாத ஒருவனை அதட்டிவிட்டாள்.

அவன் செய்த காரியம் அப்படி. மழையில் தொப்பலாக நனைந்து உள்ளே வந்தவன், குடையைச் சுருக்கி அவளுடைய மேஜைமேல் சாய்த்து வைத்தான். நுனியிலிருந்து சொட்டு... சொட்டு... நேராகப் பழைய ஞானஸ்நானப் புத்தகத்தின்மேல்.

"இன்னா ஆச்சுங்க?"

"இன்னும் என்ன ஆகணும்? தொண்ணூறு வருஷமா கரையானுக்குத் தப்பிச்ச புத்தகம். உங்க குடைக்குத் தப்பலை!"

அவன் பதறிப்போய்க் கைக்குட்டையை எடுத்தான்.

"தேய்ச்சிடாதீங்க... மை கலைஞ்சிடும்!"

"தெரியும் மிஸ். கம்பவுண்டருங்க நான். புண்ணைத் தேய்ப்போமா? ஒத்தித்தான் எடுப்போம்."

சொன்னபடியே ஒத்தி எடுத்தான். அந்தக் கைகளில் எவ்வளவு நிதானம்... அமலா தன்னை மறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் நிமிர்ந்தான். இமை நுனியில் ஒரு மழைத்துளி, விழலாமா வேண்டாமா என்று நின்றது. அதன் கீழே சிரிக்கிற கண்கள்... அவள் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள்.

அது ஐப்பசி. பெரிய காஞ்சிபுரத்துத் தெருக்களில் பாவு நீட்ட முடியாமல் நெசவாளர்கள் வானத்தைத் திட்டிக்கொண்டிருந்த வாரம். மாதா கோயிலை ஒட்டிய சின்ன அறையில் அமலா பழைய பதிவுகளைப் புதிய புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தாள். எல்லாம் லத்தீன். பங்குச்சாமியார் கொஞ்சம் சொல்லிக்கொடுத்திருந்தார். மீதி, கல்லூரியில் வந்தது.

"காலேஜ்ல லத்தீன் கூட சொல்லித் தர்றாங்களா?" என்று அவன் கேட்டான்.

"தவளை அறுத்தோம். தவளைக்கு லத்தீன்லதான் பேரு."

"பாருங்க... எங்க தாத்தாவுக்கும் தவளைக்கும் ஒரே பாஷை!"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

அவன் பெயர் சவரிமுத்து. ஊர் கோலார் தங்கவயல். சுரங்க ஆஸ்பத்திரியில் வேலை. ஒரு வார லீவில் வந்திருந்தான். சாமியார்தான் அவனை இங்கே அனுப்பியிருந்தார்.

"எங்க தாத்தா பேரு ராயப்பன். தாது வருஷப் பஞ்சத்துல இந்தக் கோயில்ல ஞானஸ்நானம் வாங்குனவரு. அதுக்கு மேல ஒண்ணுமே தெரியாது. இளவட்டத்துல கோலாருக்கு வந்துட்டாரு."

"தெரிஞ்சு என்ன செய்யப் போறீங்க?"

அவன் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

"எங்க தங்கச்சியைப் பொண்ணு பாக்க வந்தாங்க. 'உங்க பூர்வீகம் இன்னா, உங்க ஜனம் யாரு'ன்னாங்க. எங்க அப்பாவால பதில் சொல்ல முடியல. பஞ்சத்துல கஞ்சித்தொட்டியில வளந்த அனாதைப் புள்ள வம்சம்னு எழுந்து போய்ட்டாங்க. அப்பா அன்னையிலருந்து சரியா சாப்புடறது இல்ல. ஒரு பேராவது கொண்டு போகாம நான் திரும்பறதா இல்ல மிஸ்."

"இந்தப் புத்தகம்தான்" என்றாள் அமலா. "ஆனா நீங்களே நனைச்சுட்டீங்க. பக்கமெல்லாம் ஒட்டியிருக்கு. காயணும். நாளைக்கு வாங்க."

மறுநாள் வந்தான். அதற்கு மறுநாளும் வந்தான். அவள் ஒட்டிய பக்கங்களைக் கத்தி முனையால் மெல்லப் பிரிப்பாள். அவன் ஒற்றுத்தாள் வைப்பான். எழுத்து பொடிப்பொடியாக இருந்ததால், வரி தப்பாமலிருக்க ஒரு நீள அட்டையை வைத்து, ஒவ்வொரு வரியாக நகர்த்திப் பெயரை மட்டும் பார்ப்பாள்.

ராயப்பன்களுக்குப் பஞ்சமே இல்லை. அந்தப் பஞ்சத்திலும் இல்லை.

"இவரா?"

"இல்லை."

"எப்படிச் சொல்றீங்க? இவரும் ராயப்பன்தானே... பாவம், விட்டுடாதீங்க."

"எந்த ஊர்ல கல்யாணம் ஆனாலும் ஞானஸ்நானம் குடுத்த கோயிலுக்கு எழுதிப் போடுவாங்க. இங்க இருக்கற சாமியார் அதை ஓரத்துல குறிச்சு வைப்பாரு. உங்க தாத்தாவுக்குக் கோலார்ல கல்யாணம். ஓரத்துல கோலார்னு இருந்தாத்தான் அவர்."

"நல்லவேளை... நான் மட்டும் தேடியிருந்தா யாரோ ஒரு ராயப்பனைக் கூட்டிக்கினு ஊருக்குப் போயிருப்பேன்."

இந்த முறை அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவன் ஒற்றுத்தாளைக் கையில் பிடித்தபடி அவளையே பார்த்தான். வெளியே மழை... உள்ளே ஒரு நிமிஷம் பக்கம் புரளவே இல்லை.

இவருடைய தாத்தா சீக்கிரம் கிடைக்காமல் இருக்கட்டுமே... என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதும் வெட்கமாகிவிட்டது. அட்டையை வேகமாக நகர்த்தினாள்.

அங்கேயே இருந்தார். ராயப்பன். சுமார் நான்கு வயது. ஓரத்தில் வேறு மையில், கோலார்.

"அப்பா பேரு... அப்பா பேரு படிங்க மிஸ்!"

அவள் விரல் நகர்ந்தது. நின்றது.

"அருளப்பன்... உபதேசியார்."

"உபதேசியாரா!" சவரிமுத்து துள்ளி எழுந்துவிட்டான். "ஜனங்களுக்கு ஜெபம் சொல்லிக் குடுத்த கோயில் உபதேசியார் புள்ளையா எங்க தாத்தா! கஞ்சித்தொட்டிப் புள்ள இல்ல! எங்க அப்பாகிட்ட..." திரும்பியவன் அவள் முகத்தைப் பார்த்தான். "ஏங்க? இன்னா ஆச்சு?"

அமலா விரலை அந்த வரியிலிருந்து எடுக்கவில்லை.

"எங்க தாத்தா சந்தியாகு. அவருக்கும் அருளப்பன் உபதேசியார்தான் அப்பா. எங்க வீட்டுக்கே உபதேசியார் வீடுன்னுதான் பேரு."

அவன் மெதுவாக உட்கார்ந்தான்.

"அப்ப நீங்களும் நானும்..."

"பங்காளி."

"அண்ணன் தங்கச்சி முறை" என்று அவன் முடித்தான். ஒற்றுத்தாளை நான்காக மடித்தான். பிறகு எட்டாக.

அமலாவின் அப்பா தேவசகாயத்துக்குத் தலைகால் புரியவில்லை. கூட்டுறவு சங்கத்தில் குமாஸ்தா. சம்பளம் சொற்பம். ஆனால் மாதா திருவிழாவில் தேர் புறப்படும்போது முதல் மெழுகுவர்த்தி உபதேசியார் வீட்டுக்கு. பெரிய கோயில்களில் முதல் மரியாதை மாதிரி. அந்த ஒரு நாளுக்காக வருஷம் முழுவதும் நிமிர்ந்து நடப்பவர் அவர். இப்போது வீட்டுக்குப் புதிதாக ஓர் ஆண் வாரிசு!

"எங்க பெரியப்பா கிளை ஒண்ணு இருக்குன்னே தெரியாம இருந்தேன். வாசல் தேடி வந்திருக்குது பாரு!" என்று அவனை மதியச் சாப்பாட்டுக்கு இழுத்து வந்துவிட்டார். "அமலா... அண்ணனுக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்துமா."

அவள் ஊற்றினாள். 'போதும்' என்று கை காட்டக்கூட அவன் நிமிரவில்லை. இலையெல்லாம் குழம்பு ஓடியது.

"இன்னாடி, கண்ணு எங்க வச்சிருக்க?" என்றாள் அம்மா.

மறுநாள் சாயங்கால பஸ்ஸில் அவன் ஊருக்குக் கிளம்புகிறான். காலையில் அமலா தனியாகப் பதிவறைக்கு வந்தாள். கை வேலையாவது செய்யட்டும்... மனம் என்னவாவது ஆகட்டும். ராயப்பன் இருந்த பக்கத்தையே எடுத்து, அட்டை வைத்து, முழு வரியாக எழுத ஆரம்பித்தாள். ராயப்பன், தகப்பன் அருளப்பன். தாய் என்ற இடத்தில் ஒன்றுமில்லை. அட்டையை இறக்கினாள்.

லூசியா, சுமார் மூன்று வயது, தகப்பன் அருளப்பன்.

இறக்கினாள். மிக்கேல், சுமார் நான்கு வயது, தகப்பன் அருளப்பன்.

அவள் அட்டையைத் தூக்கி எறிந்தாள். பக்கம் முழுக்க அருளப்பன். அடுத்த பக்கம்... அதற்கடுத்த பக்கம்... அவள் தாத்தா சந்தியாகுவும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். எல்லாம் ஒரே பஞ்ச காலம். எல்லாம் ஏறக்குறைய ஒரே வயது. தாய் பெயர் ஒருவருக்கும் இல்லை.

தவளையாயிருந்தால் ஒரே மழையில் இத்தனை பெறும். மனுஷனால் முடியாது.

இத்தனை வருஷமும் அவரவர் வீட்டார் அவரவர் வரியை மட்டும் எழுதி வாங்கிப் போனார்கள். ஒரு பக்கத்தை முழுதாகப் படித்தவர் யாருமில்லை. இறந்தவர்கள் புத்தகத்தை இறக்கித் தேடினாள். அடுத்த வருஷம் பேதியில் போயிருக்கிறார் அருளப்பன் உபதேசியார். மணமாகாதவர்.

தகப்பன் தெரியாது என்று எழுத மனசு வராமல், கஞ்சித்தொட்டிக்கு வந்த அத்தனை அனாதைகளுக்கும் தன் பெயரைக் கொடுத்திருக்கிறார் அந்த மனுஷர்.

முதலில் சந்தோஷம்தான் வந்தது. அவன் அண்ணன் இல்லை! அடுத்த நொடி அது வடிந்துவிட்டது. இதைச் சொன்னால் அவனிடமிருந்து கொள்ளுத்தாத்தாவைப் பிடுங்கவேண்டும். அப்பாவிடமிருந்து திருவிழாவைப் பிடுங்கவேண்டும். சொல்லாவிட்டால்?

சொல்லாவிட்டால் சாயங்காலம் ஒரு பஸ் போய்விடும். அவ்வளவுதான்.

அமலா எழுந்தாள். இரண்டு பேருக்கும் ஆள் அனுப்பினாள்.

அவள் தமிழில் எழுதி வைத்ததோடு ஒப்பிட்டு இருவரும் படித்து முடிக்கும்வரை அவள் சுவரோரம் நின்றாள். அப்பாவின் முகம் சிவந்தது.

"மூடு அதை. உன் வேலை காப்பி எடுக்கறது. ஆராய்ச்சி பண்றது இல்ல."

"காப்பி எடுத்தாலும் இதானேப்பா வரும்."

"இத்தினி வருஷமா யாருக்கும் தெரியாது. இப்ப தெரிஞ்சு யாருக்குடி லாபம்?"

"எனக்குப்பா."

தேவசகாயம் மகளை நிமிர்ந்து பார்த்தார். அவள் கண்கள் விலகவில்லை.

"இவரை அண்ணன்னு கூப்பிடச் சொன்னீங்க. என்னால முடியலைப்பா... நேத்தும் முடியலை. இன்னைக்கும் முடியலை."

சவரிமுத்து அவளையும் பார்க்கவில்லை, அவரையும் பார்க்கவில்லை. எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டான்.

அவன் பின்னால் போனால் அப்பா தடுப்பார் என்று அமலா ஒரு கணம் காத்திருந்தாள். அவர் குனிந்து புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். விரல் ஒவ்வொரு பெயராக இறங்கியது. "லூசியா..." என்று முணுமுணுத்தார். "நம்ப ஐயம்பேட்டை லூசியா கிழவிதான் இது. வருஷா வருஷம் தேர்க் கூட்டத்துல கடைசியில நிப்பா... அவளுக்கும் தகப்பன் இதே பேரா?" நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார். "மெழுகுவர்த்தி விஷயம் சாமியார்கிட்ட நானே சொல்றேன். நீ போ... மழைச் சாரல்ல நிக்கிறான் பாரு."

அவள் வெளியே வந்தாள்.

"கோபமா?"

"ஒரு நாள்தாங்க எனக்குக் கொள்ளுத்தாத்தா இருந்தாரு" என்றான் அவன், மழையைப் பார்த்தபடி. "ஊருக்குப் போயி அப்பாகிட்ட இன்னா சொல்வேன்?"

"படிச்சதை அப்படியே சொல்லுங்க. எழுதினது தெரியாம எழுதினது இல்லை. ஒருத்தர் யோசிச்சு, தன் பேரைக் குடுத்திருக்காரு. உங்க தாத்தாவை வேணும்னு கேட்டு வாங்கிக்கிட்டாரு. உங்க ஜனம் யாருன்னு கேட்டா அதைச் சொல்லுங்க. எங்க வீட்டுலயும் இனிமே அதைத்தான் சொல்லப் போறோம்."

அவன் முகத்திலிருந்த சாரலைத் துடைத்துக்கொண்டான்.

"ஒண்ணு சொல்லட்டா? தாத்தா கிடைச்சாருன்னு நான் ஆடியிருக்கணும். உங்க அப்பா 'அண்ணனுக்குக் குழம்பு ஊத்து'ன்னாரு பாருங்க... அப்ப நெனச்சேன், இந்தத் தாத்தா கிடைக்காமலே இருந்திருக்கலாம்னு. எவ்ளோ பெரிய பாவி நான்!"

"நான் அதுக்கு முன்னாடியே நெனச்சேன்."

"எப்ப?"

"அந்த வரியைப் பாக்கறதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி."

அவன் திரும்பினான். அந்தக் கண்கள்... இப்போது சிரிக்கவில்லை. கேட்டன.

"உங்க அப்பாகிட்ட சொல்லிட்டீங்க அமலா. எங்கிட்ட இன்னும் சொல்லல."

அவளுக்குக் காது நுனிவரை சுட்டது. ஓடிவிடலாமா என்றிருந்தது. கால்களை ஊன்றி நின்றாள்.

"உங்களைப் பிடிச்சிருக்கு. இன்னைக்கு பஸ்ஸுல போங்க. போயி உங்க அப்பா அம்மாவைக் கூட்டிக்கினு வாங்க... பொண்ணு கேட்டு."

உள்ளே அப்பாவுக்குக் கேட்டிருக்கும்.

கேட்கட்டும்.