இன்று என்ன சாப்பிட்டீர்கள்?

“காலை: ரொட்டி இரண்டு, தேநீர். மதியம்: ஒடுக்கு விழுந்த டின்...”

“...இறைச்சி. இவனுக்குப் பிடித்திருக்கிறது, உதைக்கிறான்.”

வாக்கியத்தை முடித்தது, நோட்டைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்த அவள் இல்லை. திடுக்கிட்டு நிமிர்ந்தாள். மேஜைக்கு அந்தப் பக்கம் ஒருவன் மழையில் தொப்பலாக நனைந்து நின்றான். லிஃப்ட் மெக்கானிக்கின் நீலச் சட்டை. கண்கள்... அப்பப்பா, அந்தக் கண்கள்! எதையோ பார்த்து மிரண்ட கண்கள்.

“யாரைக் கேட்டு உள்ள வந்தீங்க? தண்ணி சொட்டுது பாருங்க, நோட்டு மேல!”

“இன்னொரு தடவை வாசிங்க...”

“நான் என்ன ரேடியோவா?”

அந்த ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பெயரே ரேடியோதான். முப்பது வருஷங்களுக்கு முன், கர்ப்பிணிகள் தினமும் சாப்பிட்டதை எழுதிக் கொடுத்த நோட்டுகள் அவளிடம் இருந்தன. அன்று வயிற்றில் இருந்த மகன்களுக்கு இன்று அப்பா ஆகும் சக்தி எப்படி இருக்கிறது என்று டாக்டர்கள் ஆராய்ந்தார்கள். நோட்டுகளை டைப் செய்வது அவள் வேலை. பிழை பார்க்க ஒரு தடவை சத்தமாக வாசிக்க வேண்டும். இந்த நோட்டை மட்டும் மூன்று மாதமாக வாசித்துக்கொண்டே இருக்கிறாள். அதில் வரும் ‘இவன்’ மேல் அவளுக்கு ஒரு இது...

“அது எங்க அம்மாவோடது. நான் கைக்குழந்தையா இருக்கறப்பவே போயிட்டாங்க. நோட்டை வாங்கிட்டுப் போகத்தான் வந்தேன்.”

இவனா அந்த ‘இவன்’!

“எதுக்கு?”

“கொளுத்தறதுக்கு.” ஆஸ்பத்திரி அனுப்பிய, நனைந்த கடிதம் ஒன்றை மேஜையில் வைத்தான். விந்தணு எண்ணிக்கை மிகக் குறைவு என்றிருந்தது. “‘அவ கண்டதையும் தின்னா, நீ அனுபவிக்கிற’ன்னு அப்பா சொல்றார். செத்தவங்களை ஏங்க திட்டணும்? ஆதாரமே இருக்கக் கூடாது.”

“சாப்பாடும் ஒரு காரணமா இருக்கலாம்னுதாங்க ஆராய்ச்சியே சொல்லுது. உங்க அம்மாதான் காரணம்னு யாராலயும் சொல்ல முடியாது.”

“பரிதாபப்படாதீங்க. எனக்கு அது ஆகாது.” விறைப்பாகக் கையை நீட்டினான்.

அவள் தரவில்லை. “அந்த வரி உங்களுக்கு எப்படித் தெரியும்? இந்த நோட்டு இந்த ரூமை விட்டு வெளிய போனதே இல்லையே.”

அவன் குரல் இறங்கியது. “சின்ன வயசுலேர்ந்து மழை பெய்யறப்ப ஒரு பொண்ணு குரல் கேக்கும். காலை, மதியம், மாலைன்னு வாசிக்கும். அம்மான்னுதான் நெனச்சிட்டிருந்தேன்... இப்ப வராந்தால வந்தப்பதான் தெரிஞ்சுது. அது உங்க குரல்.”

அவள் நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். இத்தனை நாளும் ஒட்டிக் கிடந்த கடைசிப் பக்கங்கள் அவன் சொட்டிய தண்ணீரில் ஊறி, தாமாகவே பிரிந்தன. பழக்கதோஷத்தில் சத்தமாகவே வாசித்தாள்.

“இன்று மழை. யாரோ ஒரு பெண் இதையெல்லாம் சத்தமாக வாசிக்கிறாள். இவன் உதைப்பதை விட்டுவிட்டுக் கேட்கிறான். பெண்ணே, இவனிடம் சொல். டின் ஃபேக்டரியில் ஒடுக்கு விழுந்ததைத்தான் அங்கே வேலை செய்யும் எங்களுக்குக் கொடுத்தார்கள். வீட்டில் வேறு ஒன்றும் இல்லை. இவனைப் பட்டினி போட எனக்கு மனசு வரவில்லை.”

அவன் அழுதான். ஈரச் சட்டையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

“கொளுத்தலை,” என்றான். “ஆனா... என்னால அப்பா ஆக முடியாமலே போகலாம். அது தெரிஞ்சும், என்னைக் கட்டிக்கறீங்களான்னு இந்தக் குரல்கிட்ட எப்படிக் கேக்கறது...”

“நான் குழந்தையா கேட்டேன்? மூணு மாசமா உதைக்கிற ஆளைத்தான் நெனச்சிட்டிருக்கேன்.” தலை தானாகக் குனிந்தது. “எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. தினமும் வாசிச்சுக் காட்டறேன், போதுமா?”

“தினமும் மழை பெய்யணுமே?”

“பெய்யாட்டியும்...”

சிரித்துக்கொண்டே நோட்டை மூடப் போனவளின் கை அப்படியே நின்றது. பக்கத்தின் அடியில் இன்னொரு வரி இருந்தது. சற்றுமுன் அது அங்கே இல்லை. மை இன்னும் காயவில்லை.

“மாலை: ஒன்றும் சாப்பிடவில்லை. அவள் சம்மதித்துவிட்டாள். வயிறு நிறைந்துவிட்டது.”