கிளம்பாத கார்

காலை ஆறு மணிக்குக் கிளம்புவதாக ஏற்பாடு. ஆறடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது கார் சாவியைக் காணவில்லை.

வாசல் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி. வீட்டுச் சாவி, கேட்டுச் சாவி, கார் சாவி மூன்றும் அதில்தான் தொங்கும். இன்றைக்கு இரண்டுதான் தொங்கின. பீரோ இழுப்பறையில் இருந்த மாற்றுச் சாவியும் இல்லை. வாசலில் கார் மட்டும் குளித்துத் தலைவாரிய குழந்தை மாதிரி பளிச்சென்று நின்றது.

அந்த வீட்டில் ஒரு பொருள் காணாமல் போவது நடக்காத காரியம். வீட்டுக்காரர் பஸ் டிப்போவில் கால அட்டவணை போடும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். எந்த வண்டி எந்த ஊரில் எவ்வளவு நேரம் நிற்கும், எங்கே டிரைவர் டீ குடிப்பார் என்பதெல்லாம் அவர் போட்ட கணக்கு. டிப்போவில் அவருக்கு ‘டைம்டேபிள்’ என்று பெயர். வேலை போன பிறகும் பெயர் போகவில்லை.

அப்பேர்ப்பட்டவர் இரண்டு மாதமாக ஒரே ஒரு பயணத்துக்குத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார். மாநிலத்தின் மேற்குக் கோடியில் மலையடிவாரத்தில் அவர்கள் வீடு. கிழக்குக் கோடியில், கடலோரத்தில், அவர் மனைவியின் தங்கை வீடு. அவர் ஓட்டும் நிதானத்துக்கு, வழியில் ஓர் இரவு தங்கி, இரண்டு நாள் பாதை. சாப்பாட்டு மேஜை மேல் வரைபடம் விரித்தது விரித்தபடி கிடக்க, வீட்டில் எல்லோரும் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டார்கள். எல்லாவற்றுக்கும் அவரிடம் மாற்று உண்டு. இந்தச் சாலை அடைத்திருந்தால் அந்தச் சாலை. இந்த விடுதியில் அறை இல்லையென்றால் அடுத்த விடுதி. காரே மக்கர் பண்ணினால் வாடகைக் கார்க்காரருடைய நம்பர் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது.

தங்கைக்கு உடம்பு மிக மோசம். அக்காவும் தங்கையும் பேசிப் பல வருடம் ஆகியிருந்தது. அவர்களுடைய அம்மா கடைசிக் காலத்தில் யார் வீட்டில் இருப்பது என்ற பேச்சு முற்றி, வார்த்தை தடித்து, அத்தோடு நின்றுபோன உறவு. இரண்டு மாதத்துக்கு முன்னால் தங்கையின் மகன் போன் செய்து, “பெரியம்மா, அம்மா உங்களைப் பார்க்கணும்னு சொல்றாங்க” என்றான். அக்கா அன்றைக்கு முழுக்க அழுதாள். ஆனால் போனில் தங்கையோடு பேச மட்டும் மறுத்துவிட்டாள். “போன்ல நான் அழுவேன், அவளும் அழுவா, அவளுக்கு மூச்சு வாங்கும். நேர்ல வந்து கையைப் பிடிச்சுக்கிட்டுப் பேசறேன்டா” என்றாள்.

போன வாரமே கிளம்பியிருக்க வேண்டியது. ஆற்றுப் பாலத்தில் ஏதோ பழுது பார்க்கிறார்கள் என்று டைம்டேபிள்தான் ஒரு வாரம் தள்ளிப் போட்டார்.

இப்போது சாவி இல்லை. அக்கா நேராகப் பக்கத்து வீட்டுக்கு ஓடினாள்.

பக்கத்து வீட்டில் இன்ஸ்பெக்டரம்மா. போலீஸ் வேலையில் இருந்து ஓய்வு பெற்று இரண்டு வருடமாகியும் விசாரிக்கிற அரிப்பு அடங்காதவர். காலை நடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர், மாட்டிய ஒரு ஷூவோடு வந்துவிட்டார்.

ஆறேகால். இன்ஸ்பெக்டரம்மா வாசலில் இருந்து தொடங்கினார். தாழ்ப்பாள் உள்ளே போட்டபடி இருந்திருக்கிறது. ஜன்னல் கம்பிகள் ஒழுங்காக இருந்தன.

“வெளியாள் இல்லக்கா. திருடனா இருந்தா சாவியோட காரும் போயிருக்கும். கடைசியா சாவியை எப்போ பார்த்தீங்க?”

“நான் கவனிக்கலையே. நேத்து சாயங்காலம் தங்கச்சிக்கு ஒரு சால்வை வாங்கலாம்னு கடைக்குப் போயிட்டேன். போனைக்கூட சார்ஜ்ல போட்டுட்டு வெறுங்கையோட போனேன். வரும்போது இருட்டிடுச்சு.”

“அப்போ சாவி அண்ணன்கிட்டதான் இருந்திருக்கும். எங்க வீட்டு ஜன்னல்லேருந்து பார்த்தேனே. கார்ல உக்கார்ந்து இடது இண்டிகேட்டரு, வலது இண்டிகேட்டரு, ஹார்னுன்னு ஒண்ணு விடாம சோதிச்சுட்டிருந்தாரு. அவ்வளவு நேரமும் சீட்டை விட்டு அசையல. ஏண்ணே, அப்புறம் சாவியை ஆணில மாட்டினீங்களா?”

டைம்டேபிள் வரைபடத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். சட்டை, பேன்ட், மணிக்கட்டில் கடிகாரம் எல்லாம் சரியாக இருந்தன. கண்கள் மட்டும் சிவந்திருந்தன.

“மாட்டினேன்னுதான் நினைக்கிறேன்மா.”

முப்பது வருடம் கணக்குப் போட்டவர் வாயில் ‘நினைக்கிறேன்’ வந்தது இன்ஸ்பெக்டரம்மாவின் காதில் விழுந்தது.

மகன் பல் துலக்கிக்கொண்டே வந்து நின்றான். அச்சகத்தில் வேலை. நேற்று எல்லோரும் தூங்கிய பிறகுதான் தன்னிடம் உள்ள சாவியால் திறந்து வந்து, தாழ்ப்பாள் போட்டிருக்கிறான். இந்தப் பயணமே வேண்டாம் என்று வீட்டில் சண்டை போட்டவன் அவன் ஒருவன்தான்.

“தம்பி, சாவியை ஒளிச்சு வெச்சாத்தான் அப்பா அடங்குவாருன்னு போன வாரம் தெருவுக்கே கேக்கற மாதிரி கத்தினியே.”

“கத்தினேன். இந்த வயசுல, சர்க்கரை வியாதியோட, இவ்வளவு தூரம் ஓட்டறேன்னா பயமா இருக்காதா? நான் கூட வரேன்னா அதுக்கும் வேண்டாம்ங்கறாரு.”

“எடுத்தியா?”

“இல்ல. கோபத்துல சொல்றது வேற, செய்யறது வேற.”

“நேத்து வந்ததும் என்ன பண்ண?”

“பசி. சமையலறைல நின்னே சாப்பிட்டேன். படுத்துட்டேன்.”

அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. “யாரு எடுத்தாலும் பரவால்ல, குடுத்துடுங்க. அங்க அவ ஒவ்வொரு மூச்சா எண்ணிக்கிட்டிருக்கா. அவ பையனுக்குக் கொஞ்சம் லேட்டாகும்னு சொல்லலாம்னா போனும் செத்துக் கிடக்கு. சார்ஜரையும் காணோம்.”

“நேத்து சார்ஜ்ல போட்டுட்டுப் போனேன்னீங்களே?”

“போட்டேன். எப்படி அணைஞ்சுதுன்னு தெரியல. சார்ஜர் எந்தப் பையில போய் மாட்டிக்கிச்சோ.”

அந்த வீட்டில் கணவன் மனைவி இருவருக்கும் சேர்த்து ஒரே போன்தான். டிப்போவில் முப்பது வருடம் போன் மணி கேட்டுக் காது புளித்துவிட்டதென்று டைம்டேபிள் தனக்கென்று ஒன்று வைத்துக்கொள்ளவே இல்லை.

இன்ஸ்பெக்டரம்மா மூட்டைகளைப் பார்வையிட்டார். துணிப் பை, தண்ணீர் கேன், இன்சுலின் வைக்கும் சின்ன ஐஸ் பெட்டி. பெட்டிக்குள் கிடந்த ஐஸ் பைகள் இரண்டையும் கையில் எடுத்தார். இரண்டும் தண்ணீராகக் குலுங்கின.

“இதை ஃப்ரீசர்ல வைக்கறது யாருக்கா?”

“அவர்தான். ஊசி, மருந்து, ஐஸ் எல்லாம் அவர் பொறுப்பு. சாப்பிட்டு எழுந்த கையோட வெச்சுடுவார். நம்மளை நம்பமாட்டார்.”

இன்ஸ்பெக்டரம்மா பைகளைத் திரும்ப வைத்தார். சமையலறைக்குப் போனார். ஃப்ரிட்ஜ் கதவு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். திரும்பி வந்தபோது விசாரிக்கிற உற்சாகம் அவர் முகத்தில் இல்லை. இதை ஏன் கண்டுபிடித்தோம் என்று இருந்தது அவருக்கு.

ஆறே முக்கால். அவர் டைம்டேபிளுக்கு எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“சாவியைக் குடுங்கண்ணே.”

அக்கா சிரித்தே விட்டாள். “நல்லா இருக்கே! இவரா? ரெண்டு மாசமா இதே வேலையா இருந்த மனுஷன்...”

“அதனாலதான்க்கா தெரிஞ்சுது. ஒரு ரோடு அடைச்சா இன்னொரு ரோடு வெச்சிருக்கறவர். கார் கெட்டுப்போனா யாரைக் கூப்பிடணும்னு ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வெச்சிருக்கார். இன்னைக்கு நிஜமாவே கார் எடுக்க முடியல. முக்கால் மணி நேரம் ஆச்சு. தம்பியோட போன்ல அந்த நம்பரைக் கூப்பிடச் சொன்னாரா? எழுந்து ஒரு இழுப்பறையாவது திறந்து தேடினாரா?”

அக்காவின் சிரிப்பு நின்றது.

“ஐஸ் பையை ராத்திரி ஃப்ரீசர்லயே வைக்கல. அப்பவே இவருக்குத் தெரியும், காலைல கிளம்பப் போறதில்லன்னு. தம்பி வந்தது அதுக்கு ரொம்ப அப்புறம். சாவி மட்டும் போயிருந்தா, பயணத்தை நிறுத்தப் பார்க்கறார்னு நினைச்சிருப்பேன். போனும் அணைஞ்சு, சார்ஜரும் போயிருக்கு. அந்தப் பக்கத்துலேருந்து எந்தச் சேதியும் உங்க காதுக்கு வந்துடக் கூடாதுன்னு யாரோ பார்த்திருக்காங்க.”

“என்ன சேதி?” என்றாள் அக்கா. அவள் குரல் இறங்கிவிட்டது.

இன்ஸ்பெக்டரம்மா டைம்டேபிளையே பார்த்தார். “நான் நேத்து கண்ணால பார்த்தும் கோட்டை விட்டது ஒண்ணுண்ணே. இண்டிகேட்டர் எரியுதான்னு சோதிக்கறவங்க இறங்கிப் போய்ப் பின்னால பார்ப்பாங்க. நீங்க ஒரு தடவைகூட இறங்கல. நிக்கற கார்ல இருந்துக்கிட்டு யார்கிட்டயோ வண்டி ஓடுதுன்னு காட்டிக்கிட்டு இருந்தீங்க. அது யாருண்ணே?”

டைம்டேபிள் பேன்ட் பையில் கை விட்டார். இரண்டு சாவிகளையும் சார்ஜரையும் எடுத்து வரைபடத்தின் மேல், கடலோரத்தில், வைத்தார்.

“போயிட்டாம்மா,” என்றார் மனைவியிடம். “நேத்து சாயங்காலமே உன் தங்கச்சி போயிட்டா.”

அக்கா நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். மகன் ஓடிவந்து தோளைப் பிடித்துக்கொண்டான். கொஞ்ச நேரம் அந்த வீட்டில் அழுகை மட்டும்தான் இருந்தது.

டைம்டேபிள் யாரையும் பார்க்காமல் சொன்னார். மனைவி கடைக்குப் போன கொஞ்ச நேரத்தில் போன் வந்திருக்கிறது. டாக்டர் கை விரித்துவிட்டார். தங்கையால் பேச முடியவில்லை, காது மட்டும் கேட்கிறது. அக்கா வருகிறாளா, எங்கே வருகிறாள் என்று ஜாடையில் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். பையன் போனை அவள் காதில் வைத்துவிட்டான்.

“நாளைக்குக் கிளம்பறோம்னு எந்த வாயால சொல்வேன்? நேத்தே கிளம்பிட்டோம்னு சொல்லிட்டேன். உங்கக்கா பின்சீட்ல தூங்கறா, பக்கத்துல வந்துட்டோம்னு சொன்னேன். எந்த இடம்னு சொல்லணுமே? ரெண்டு மாசமாப் படிச்ச பாதைதானே, கண்ணை மூடினா தெரியும். கார்ல போய் உக்கார்ந்துக்கிட்டேன். ஆத்துப் பாலம் ஏறறோம்னேன். சர்க்கரை ஆலை வாசனை அடிக்குதுன்னேன். திரும்பற இடத்துல எல்லாம் இண்டிகேட்டர் போட்டேன், அந்த டிக்டிக் சத்தம் கேக்கட்டும்னு. அவ கேட்டுக்கிட்டே இருந்தா. பையன் ‘அம்மா’ன்னு அலறினதும் போனை அணைச்சுட்டேன்.”

“எனக்கு ஏன் சொல்லலை?” என்றாள் அக்கா. “ராத்திரியே ஏன் சொல்லலை?”

“நீ சால்வையைப் பிரிச்சுக் காட்டினே. எப்படியிருக்குன்னு கேட்டே. நல்லாயிருக்குன்னுட்டேன். அதுக்கப்புறம் வாய் வரல. போன வாரம் கிளம்பியிருந்தா நீ அவளைப் பார்த்திருப்பே. ஒரு பாலத்துக்குப் பயந்து நான்தான் தள்ளிப் போட்டேன். அதை உன் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்றது? விடிஞ்சா சொல்லிடலாம்னு நினைச்சேன். விடிஞ்சதும் நீ புதுப் புடவை கட்டிக்கிட்டு வந்து நின்னே.”

அக்கா முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டாள்.

“எந்த இடத்துல இருந்தோம்?”

“என்ன?”

“அவ போறப்ப. நம்ம வண்டி எங்க இருந்துச்சு?”

“உப்பளம் தாண்டி ஒரு ரயில்வே கேட்டு வருமே, அவங்க ஊருக்கு முன்னால. அங்க.”

“அங்க என்ன பண்ணிக்கிட்டிருந்தோம்?”

“கேட்டு மூடியிருக்குன்னு சொன்னேன்.”

அவள் கணவனை நிமிர்ந்து பார்த்தாள். ஆத்திரம் பொங்கி வந்தது. “ஓடாத வண்டியை ஓட்டறீங்க. அதையுமா கேட்டுல நிறுத்தணும்? ஒரேயடியா அவ வாசல்ல கொண்டுபோய் விட்டிருக்கக் கூடாதா? பொய்லகூடவா உங்களால நேரத்துக்குப் போய்ச் சேர முடியல?”

“வாசலுக்கு வந்துட்டா உன் குரலைக் கேப்பாளே.” அவர் உதடு கோணியது. “நீ கடையிலேருந்து வந்துடுவே, வந்ததும் போனை உன் கையில குடுத்துடலாம்னுதான் கேட்டுலயே நிறுத்தி வெச்சேன். ஒரு கூட்ஸ் வண்டி போகுதுன்னேன். எதிர்ல இன்னொண்ணு வருதுன்னேன். தெருமுனையையே பார்த்துக்கிட்டிருந்தேன். நீ வரல.”

அக்கா தன் கைகளைப் பார்த்தபடி சொன்னாள்: “எந்தக் கலர் எடுக்கறதுன்னு தெரியாம நின்னுக்கிட்டிருந்தேன்.”

இன்ஸ்பெக்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சார்ஜரைச் சுவரில் மாட்டினார். போனுக்கு உயிர் வந்ததும் தவறிய அழைப்புகள் வரிசையாக வந்து விழுந்தன. எல்லாம் அந்தப் பையனுடையவை.

அக்காவே கூப்பிட்டாள். மறுமுனையில் முதல் மணியிலேயே எடுத்தான்.

“பெரியம்மா! எங்க இருக்கீங்க? கேட்டுல நிக்கறோம்னு சொன்ன பெரியப்பா அப்புறம் போனே எடுக்கல. ராத்திரி பூரா அந்த ரோட்டுல தேடினேன். ஆஸ்பத்திரியிலகூடப் போய்ப் பார்த்துட்டேன்.”

“எங்களுக்கு ஒண்ணும் ஆகலடா கண்ணா.” அவள் ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டாள். “நாங்க இன்னும் எங்க வீட்லதான் இருக்கோம். இனிமேதான் கிளம்பறோம்.”

அவன் அழும் சத்தம் கேட்டது. அவள் அவனை அழவிட்டு, காத்திருந்து, கேட்டாள்: “நாளைக்கு மத்தியானம்வரைக்கும் அவளை எடுக்காம வெச்சிருப்பியாடா?”

“வெச்சிருப்பேன் பெரியம்மா. வாங்க.”

ஏழேகால். மகன் யாரையும் கேட்காமல் ஓட்டுநர் சீட்டில் ஏறினான். எங்கேயும் தங்காமல் ஓட்டினால் இன்று ராத்திரிக்குள் போய்விடலாம் என்றான். டைம்டேபிள் அவன் பக்கத்தில், கை வைக்க இடம் தெரியாதவராக உட்கார்ந்தார். அக்கா பின்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். இன்ஸ்பெக்டரம்மா ஜன்னலைப் பிடித்தபடி நின்றார்.

கார் நகர்ந்தது.

“ஏங்க,” என்றாள் அக்கா பின்னாலிருந்து. “ஒவ்வொரு இடமா சொல்லிக்கிட்டே வாங்க. அவகிட்டச் சொன்னதை எங்கிட்டயும் சொல்லுங்க.”

டைம்டேபிள் திரும்பிப் பார்க்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“தெருமுனை திரும்பறோம்,” என்றார்.