வார் தைத்த செருப்பு

"கதவை அடைக்காதிங்க. ஒரு ஆளு வெளிய நனைஞ்சிட்டு நிக்காரு. அவரும் உள்ள கேறட்டு."

கட்டிலில் படுத்திருந்த செல்லையன் இப்படிச் சொன்னதும் சரோஜம் திரும்பிப் பார்த்தாள். வெளியே மழை இல்லை. நெய்யாற்றின்கரையில் அன்று விடிந்தது முதலே வெயில். கதவுக்கு அப்பால் வெறும் வராந்தாவும், காய்ந்து வெளிறிய முற்றமும், இலை அசையாத ஒரு பலாமரமும்தான் இருந்தன.

"எந்து பறஞ்ஞு?" என்ன சொன்னார் என்று டாக்டர் பேனாவை நிறுத்தி மலையாளத்தில் கேட்டார்.

அதற்காகத்தான் அவளை அங்கே வேலைக்கு வைத்திருந்தார்கள். டாக்டர் கோட்டயத்துக்காரர், சீமையில் படித்தவர். பாறசாலைப் பக்கத்துத் தமிழ் அவர் காதில் ஏறாது. ஆஸ்பத்திரியின் பின்கட்டில் இருந்த அந்த அறையில், கப்பலில் வந்த சின்னக் கண்ணாடிக் குப்பியிலிருந்து மருந்தைத் தண்ணீரில் கலந்து நல்ல புத்தியுள்ளவர்களுக்குக் கொடுப்பார். குடித்தவர்களுக்கு ஒரு பகல் முழுக்க இல்லாததெல்லாம் தெரியும், பிறகு தெளிந்துவிடும். பைத்தியத்துக்குள்ளே என்ன நடக்கிறது என்று அறிய இதுதான் வழியாம். குடித்தவர் சொல்வதைச் சரோஜம் மலையாளத்தில் சொல்ல, அவர் எழுதிக்கொள்வார்.

சுவர் அசைவதாகச் சொல்கிறார் என்று சரோஜம் மலையாளத்தில் சொன்னாள். ஏன் மாற்றிச் சொன்னோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் வழக்கம்போலச் செருப்புகளைத் துடைத்து வாசற்படியில் வைத்தாள். அவள் கணவன் கனகதாஸின் செருப்புகள். போன ஆடியில், திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்டு நடந்த ஊர்வலத்துக்குப் புறப்பட்டபோது ஒன்றின் வார் அறுந்துவிட்டது. "வந்து தைச்சுக்கலாம்" என்று சிரித்துவிட்டு, கதர்ச் சட்டையும் வெறுங்காலுமாகப் போனான். துப்பாக்கி வெடித்தது, கூட்டம் சிதறியது, சிலர் ஆற்றில் குதித்தார்கள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அவன் வரவில்லை, உடலும் வரவில்லை. வாரை அவளே தைத்து வைத்திருந்தாள்.

"வருஷம் ஒண்ணு ஆவப்போவுது மக்கா," என்றாள் கனகதாஸின் அக்கா ராஜபாய், முற்றத்தில் நின்றபடியே. "எனக்க தம்பிக்கு சபையில ஒரு ஜெபமாவது வைக்க வேண்டாமா?"

"உயிரோட உள்ளவருக்கு எதுக்கு மைனி அந்த ஜெபம்? வந்து கேட்டா நான் என்ன செல்லுவேன்?"

ராஜபாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போய்விட்டாள்.

மருந்து குடிக்க அடுத்து வந்தவர் உதியன்குளங்கரை வேதமாணிக்கம், வயதான உபதேசியார். மருந்து ஏறியதும் முதலில் ஜன்னல் கம்பிகள் பாடுவதாகச் சொன்னார், அழுதார், தன் உள்ளங்கையையே வெகுநேரம் பார்த்தார். பிறகு அவர் கண் சரோஜத்தின் தோளுக்கு மேலே போய் நின்றது. மூடிய அந்த அறைக்குள் எங்கிருந்தோ ஆற்றுப்பாசி மணமும், ஊறி ஊறிப் புளித்த கதர்த்துணியின் மணமும் வந்ததுபோல் அவளுக்குத் தோன்றியது.

"உனக்க பெறத்தால நிக்க பய ஆருட்டி?" என்றார் மெதுவாக. "பாவம், காலு முழுக்க சேறு. காலுக்குப் போட ஒண்ணும் இல்லியே."

அவள் திரும்பவில்லை. உபதேசியார் சங்கீதம் சொல்வதாக டாக்டரிடம் சொன்னாள்.

அவர் போனபின் டாக்டரிடம் கேட்டாள்: இவர்கள் பார்ப்பதில் உண்மை ஏதாவது இருக்குமா?

"ஏய்! எல்லாம் மருந்தின்றெ களியாணு," என்று அவர் சிரித்தார். "மருந்தில்லெங்கில் ஒந்நும் இல்ல."

அந்தச் சொல்லைச் சரோஜம் பாறசாலைப் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோவதுபோல் வீட்டுக்குக் கொண்டுபோனாள். செத்தவர்கள்தானே அப்படி வந்து நிற்பார்கள். எல்லாம் மருந்தின் விளையாட்டு என்றால் அங்கே யாரும் வரவில்லை. யாரும் வரவில்லை என்றால் அவன் சாகவில்லை. ஏதோ ஜெயிலில், ஏதோ மலைத்தோட்டத்தில், தாடி வளர்ந்து, உயிரோடு இருக்கிறான். அந்த இரவு நன்றாக உறங்கினாள்.

ஆனாலும் காலையில் வாசற்படியில் அந்தச் செருப்புகளைப் பார்த்தபோது கை தானாகப் போய் எடுத்துத் துணிப்பையில் போட்டது. பொய்யே ஆனாலும் வெறுங்காலோடு நிற்க வேண்டாம்.

அன்று நல்ல மழை. செருப்புகளை அறைக்கதவின் பக்கத்தில் வைத்துவிட்டு, கட்டிலோரத்துப் பெஞ்சில் உட்கார்ந்தாள். அன்றைய ஆள் காட்டாக்கடையில் பஸ் கழுவும் பொன்னுதாஸ். கிளாஸை ஒரே மடக்கில் குடித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"இதுக்கு காட்டாக்கடை கள்ளே கொள்ளாம் அக்கா. அது குடிச்சா போலீஸ்காரனும் மாமனாருமாவது ஒரேபோல தெரிவினும்."

சரோஜம் வெகுநாளைக்குப் பிறகு சிரித்தாள். மத்தியானம் கழிந்தும் அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. சுவர் அசையவில்லை, கம்பி பாடவில்லை. கொட்டாவி விட்டான், காலை ஆட்டினான், மழை விட்டால் போகலாமா என்று கேட்டான். ஓட்டின்மேல் மழை ஒரே சீராக இரைந்தது. மேகம் கவிந்து அறை மங்கியது. மூலையில் இருந்த அலமாரியும் அதன் நிழலும் ஒன்றாயின.

பிறகு பொன்னுதாஸ் சாதாரணமாக, பஸ்ஸில் இடம் கேட்பதுபோலச் சொன்னான்.

"கொஞ்சம் நீங்கி இரிங்க அக்கா. அண்ணன் எவ்வளவு நேரமாக்கும் நிக்காரு."

"எந்து பறஞ்ஞு?"

சரோஜம் டாக்டரை மட்டும் பார்த்தாள். "சாய வேணுமெந்நு," என்றாள்.

டாக்டர் நோட்டை மூடி, திருப்தியோடு எழுந்தார். இனி மறைக்க வேண்டியதில்லை என்று விளக்கினார். மருந்தென்று நம்பினாலே இல்லாததெல்லாம் தெரியுமா என்று பார்க்க ஒருவனுக்காவது மருந்தில்லாமல் கொடுக்க வேண்டுமாம். "இந்நு வெறும் பச்சவெள்ளமாணு கொடுத்தது. கண்டோ? இவன் ஒந்நும் கண்டில்ல." பொன்னுதாஸின் தோளைத் தட்டி, தேநீர் குடிக்க முன்கட்டுக்கு அழைத்துக்கொண்டு போனார்.

வாசலில் பொன்னுதாஸ் திரும்பினான். "வாறேன் அக்கா." அவன் பார்வை சற்று நகர்ந்தது. "வாறேன் அண்ணே."

கதவு அடைபட்டது.

வெறும் தண்ணீர்.

மழை இரைந்தது. பாசி மணம். ஊறிய கதர். ஜெயில் இல்லை. மலைத்தோட்டம் இல்லை. தாடி வளரவில்லை.

கதவுப் பக்கம் பார்த்தாள். செருப்புகள் அங்கே இல்லை.

பெஞ்சின் பலகை, அவளுக்குப் பக்கத்தில், மெல்லத் தாழ்ந்தது.

அவள் தலையைத் திருப்பவில்லை. ஆனால் உடல் பழக்கத்தில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டது.

"வந்துட்டியளா?"

சொட்டும் ஓசை மட்டும். பலகையிலிருந்து தரைக்கு.

குனிந்தாள். அவள் பாதங்களுக்குப் பக்கத்தில் செருப்புகள், ஜோடியாக, அவள் பக்கம் லேசாகத் திரும்பி. உள்ளே ஒன்றும் இல்லை. ஒன்றுமே இல்லை. அவள் தைத்த வார் மட்டும், வீங்கிப்போன கால் ஒன்று உள்ளே நுழைவதுபோல், நூல் நூலாக இழுபட்டுப் பிரிய, விரல்கள் இருக்க வேண்டிய இடத்திலிருந்து ஆற்றுச் சேறு ஐந்து வரியாகப் பிதுங்கி வந்துகொண்டிருந்தது.