காசிநாதருக்குக் கம்ப்யூட்டர் தெரியாது

பிணத்தின் சட்டைப்பையில் கதிராமன் என்ற பெயரில் ஒரு கடற்பாஸ் இருந்தது.

பிணத்தைக் கரைக்கு இழுத்துப் போட்டவனும் அதே கதிராமன்தான்!

சாம்பல்தீவுக் கரையில் கூடியிருந்தவர்கள் பிணத்தைப் பார்த்தார்கள். கதிராமனைப் பார்த்தார்கள். பிறகு ஒருவர் பின் ஒருவராக நழுவினார்கள்...

2007 ஆவணி. சனிக்கிழமை காலை. பாஸ் இல்லாமல் கடலில் கால் நனைக்க முடியாத காலம்.

இன்ஸ்பெக்டர் ஹிஸ்புல்லா பாஸைத் திருப்பிப் பார்த்தார். நேற்றைய திகதி.

"நேத்து கடலுக்குப் போனனியா?"

"இல்லை சேர். என்ர தோணி ஒரு கிழமையாப் பழுது. மீனவர் சங்கத்திலயும் சொல்லிப்போட்டுத்தான் வந்தனான்."

செத்தவன் ஊருக்குப் புதியவன். இடுப்புப் பொட்டலத்தில் மெட்ராஸ் விலாசம். களவாக இந்தியாவுக்குப் புறப்பட்டவன். தோணி கவிழ்ந்துவிட்டது.

பாஸ் எங்கே அச்சானது...?

பதினொரு மணிக்கு மேலிடத்திலிருந்து போன் வந்தது. நாலு மணிக்கு ஜீப் வரும், கள்ளப் பாஸ் அடித்தவனை ஒப்படைக்க வேண்டும் என்றார்கள். அந்த ஜீப்பில் ஏறியவர்களைப் பற்றி ஊரில் யாரும் சத்தமாக விசாரிப்பதில்லை.

ஹிஸ்புல்லா துறைமுகத்துப் பக்கம் இருந்த மீனவர் சங்கத்துக்கு விரைந்தார்.

ஒரே அறை. ஒரே கம்ப்யூட்டர். அதன் முன்னால் சுழல் கதிரையில் அஸீம். பத்தொன்பது வயது. கிண்ணியாப் பெடியன். பக்கத்தில் சங்கத் தலைவர் காசிநாதர். வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி.

அவர் கேள்விக்குக் கூடக் காத்திருக்கவில்லை.

"இந்தப் பெடியன்தான் சேர். பாஸ் குடுக்கிற கந்தோர்க்காரர் கம்ப்யூட்டரில போட்ட பூட்டை உடைச்சுப்போட்டான். நினைச்ச பேருக்கு இஞ்சயே பாஸ் அடிக்கலாம்."

அஸீம் திடுக்கிட்டு அவரைப் பார்த்தான்.

"பூட்டை உடைச்சது நீயா?" என்றார் ஹிஸ்புல்லா.

"ஓம் சேர்."

"ஏன்?"

அவன் திக்கித் திக்கிச் சொன்னான். கணக்கில் மூன்று தரம் கோட்டை விட்டவன். 'உருப்படாதவன்' என்று வாப்பாவே பட்டம் கொடுத்துவிட்டார். காசிநாதர்தான் அவனைக் கூப்பிட்டுக் கதிரையில் இருத்தினார். நாலு பேர் முன்னால் 'மாஸ்டர்' என்றார். கந்தோரிலிருந்து பாஸ் வர மூன்று நாள், அதுவரை சனம் பட்டினி, நீர் பூட்டைத் திறந்தால் இங்கேயே அடித்துக் கொடுக்கலாம், ஏதும் வந்தால் நான் முன்னுக்கு நிற்பேன் என்றார்.

மாஸ்டர் என்ற அந்த ஒரு சொல்லுக்கு அவன் மலையையே புரட்டியிருப்பான். பூட்டு எம்மாத்திரம்? இரண்டே நாள்!

"ஐயா... முன்னுக்கு நிப்பன் எண்டு சொன்னனீங்கள்தானே?"

காசிநாதர் அவன் பக்கம் திரும்பவே இல்லை.

"எனக்கு இந்தப் பெட்டியைப் போடவே தெரியாது சேர். நான் இவனிட்ட என்னத்தைக் கேக்கிறது?"

"நான்தானே உங்களுக்குப் படிப்பிச்சனான்... பின்னேரம் பின்னேரமா..."

"பொய். சாட்சி இருக்கோ?"

சாட்சி இல்லை. சின்னப் பெடியனிடம் படிப்பது வெட்கம் என்று காசிநாதர் கதவைச் சாத்திவிட்டுத்தான் படித்தார். அவருடைய மானத்தைக் காக்க அஸீமும் யாரிடமும் மூச்சு விடவில்லை. அந்த மரியாதைதான் இப்போது அவன் கழுத்துக்குக் கத்தி.

மணி இரண்டரை.

பாஸ் எப்போது அடிக்கப்பட்டது என்று காட்டச் சொன்னார் ஹிஸ்புல்லா. அஸீம் பாஸ் பட்டியலைத் திறந்தான். திரையில் வந்தது...

வெள்ளிக்கிழமை. பகல் 12.45.

ஹிஸ்புல்லா இரண்டு தரம் வாசித்தார்.

"நேத்து அந்த நேரம் எங்க நிண்டனி?"

"பள்ளியில சேர். ஜும்மாத் தொழுகையில."

"தெரியும். எனக்கு வலப்பக்கம் நிண்டனி. ஃபேன் இல்லாத மூலை."

காசிநாதரின் விபூதி வியர்வையில் கரைந்தது. ஆனாலும் ஆள் அசையவில்லை. அப்படியென்றால் வேறு யாரோ உள்ளே வந்து அடித்திருப்பார்கள், ஜன்னல் கொக்கி சரியில்லை என்றார்.

"இருக்கும்" என்று ஒத்துக்கொண்டார் ஹிஸ்புல்லா. கான்ஸ்டபிள் முனாபின் காதில் ஏதோ சொல்லி, அஸீமை அவரோடு வெளியே அனுப்பினார். காசிநாதரைக் கம்ப்யூட்டர் முன் கதிரையில் உட்கார வைத்து, வாக்குமூலம் எழுதப் பேனாவும் பேப்பரும் கொடுத்தார்.

காசிநாதர் நிம்மதியாக எழுதத் தொடங்கினார்.

சட்டென்று ஃபேன் நின்றது. கரண்ட் போய்விட்டது!

கீ... கீ... கீ... மேசைக்குக் கீழே யூபிஎஸ் அலறியது.

பேனா கீழே விழுந்தது. காசிநாதரின் வலது கை தானாகவே மவுஸுக்குப் பாய்ந்தது. பட்டியலைச் சேமித்தது. மூடியது. கம்ப்யூட்டரை முறையாக நிறுத்தியது. தடுமாற்றம் இல்லை, தேடல் இல்லை. திரை இருண்ட பிறகுதான், தன்னையே பார்த்துக்கொண்டு ஒருவர் நிற்பது அவருக்கு ஞாபகம் வந்தது...

"தெரியாத மனுசன் எண்டா வயரைப் பிடுங்கியிருப்பான், ஐயா" என்றார் ஹிஸ்புல்லா. "கடலுக்குப் போகாத கதிராமன்ர பேரில பாஸை எவ்வளவுக்கு வித்தனீங்கள்?"

வெளியே மெயின் சுவிட்சை முனாப் மறுபடி மேலே தள்ளினார். ஃபேன் சுற்றத் தொடங்கியது.

நாலு மணிக்கு ஜீப் வந்தது. காசிநாதர் ஏறினார்.

அஸீமின் கையிலும் விலங்கு விழுந்தது. பூட்டை உடைத்ததற்கு அவன் கோர்ட்டுக்குப் போயாக வேண்டும். ஆனால் ஜீப்பில் இல்லை, ஹிஸ்புல்லாவோடு ஸ்டேஷனுக்கு நடந்து.

பாதி வழியில் அவனுக்கு அழுகை பொங்கியது. பயம் போய்விட்டது. ஏமாந்தது போகவில்லை.

"கரண்ட் போனா முதல்ல ஒழுங்கா மூடோணும் எண்டு அவருக்கு நான்தான் சேர் சொல்லிக் குடுத்தனான்."

ஹிஸ்புல்லா அவன் தோளில் தட்டினார்.

"தெரியுது மாஸ்டர். அந்த மனுசன் ஒரு பாடத்தையும் மறக்கேல்லை. அதாலதான் மாட்டினவர்."