சலவைத் துறையின் ஏழாம் கல்

வைரவன் முசஃபா லேபர் கேம்ப்பிலிருந்து அந்தப் பண்ணைக்கு மாற்றலாகி வந்த அன்று அனல் தகித்தது. அல் ஐன் சாலையை விட்டு விலகி மணலுக்குள் ஒன்பது கிலோமீட்டர். கேட்டைத் தாண்டியதும் ஓர் ஆறு. பம்ப் போட்டால் ஓடும், நிறுத்தினால் நிற்கும் ஆறு. அந்தப் பம்ப்தான் அவனுக்கு டியூட்டி.

கரையில் ஒரு பழைய சலவைத் துறை இருந்தது. நான்கு மரத்தூண்கள், ஓட்டுக்கூரை, தண்ணீரை நோக்கிச் சரிந்த ஏழு கற்கள். பிரான்ஸில் ஒரு குக்கிராமத்திலிருந்து பண்ணை முதலாளி விலைக்கு வாங்கியது. கல் கல்லாக எண் போட்டுப் பெயர்த்துக் கொண்டுவந்தவர் சூப்பர்வைசர் கௌஸ் முகைதீன். காரைக்கால்காரர், பிரெஞ்சு தெரியும் என்று கம்பெனி அனுப்பியிருந்தது.

அந்த ஊரைப் பற்றி ஓயாமல் பேசுவார். காலையில் ஆற்றிலிருந்து கிளம்பும் மூடுபனி வீட்டுச் சன்னல் வரை வருமாம். வாரம் இருமுறை ரொட்டி வண்டி ஹாரன் அடித்தால்தான் மனித முகமே தெரியுமாம். அந்தக் காலத்தில் திங்கட்கிழமைகளில் பெண்கள் கல்லோரம் மண்டியிட்டு, மரக்கட்டையால் துணியை அடித்தபடி ஊர்க்கதை பேசுவார்களாம்.

ஒன்றை மட்டும் தயங்கித்தான் சொன்னார். ஆறு பெருகிய ஒரு நாள், ஏழாம் கல்லில் இருந்தவள் கால் வழுக்கி விழுந்தாள். கையிலிருந்த படுக்கை விரிப்பின் முனையைப் பக்கத்தில் இருந்தவர்களிடம் நீட்டினாள். அவர்களுக்கு அவளோடு ஏதோ சண்டை. யாரும் பிடிக்கவில்லை.

"அந்தக் கல்லை மட்டும் விட்டுட்டுப் போங்கன்னு ஊர்ல கேட்டாங்க. லிஸ்ட்ல ஏழுன்னு இருந்துச்சு. எடுத்துட்டேன்."

மூன்றாம் நாள், மதிய ஓய்வு நேரம். மற்றவர்கள் ஏசி கேபினுக்குப் போய்விட்டார்கள். வைரவனுக்கு அங்கே இருப்புக் கொள்ளவில்லை. துறையின் கூரை நிழலில் வந்து சாய்ந்தான். பம்ப் நின்றிருந்தது. தண்ணீர் அசையவில்லை.

தொப்.

கண் திறந்தான். வெயில் வெள்ளையாக நின்றது.

தொப். தொப்.

பச்சைச் சேறும் ஈரத் துணியும் கலந்த வாசம். ஏழாம் கல்லில் ஒருத்தி முதுகு காட்டி மண்டியிட்டிருந்தாள். திரும்பாமலே விரிப்பின் ஒரு முனையைப் பின்னால் நீட்டினாள். ஊரில் அவன் மனைவி கருப்பாயி கம்பளி பிழியும்போது இப்படித்தான் நீட்டுவாள். யோசிக்கும் முன்பே வைரவனின் கை அதைப் பிடித்துவிட்டது.

துணி பனிக்கட்டியாய்க் குளிர்ந்தது. அவன் முறுக்கினான். அவளும் முறுக்கினாள். தண்ணீர் கொட்டியது, நிற்கவில்லை. துணி இழுத்தது. அவன் பாதங்கள் கல்லில் வழுக்கின.

விரல்கள் பிரியவில்லை.

பம்ப் ஓடாத ஆறு ஓடியது.

மார்பளவு நீரில் கிடந்தவனின் பெல்ட்டைப் பின்னாலிருந்து ஒரு கை பற்றியது. கௌஸ் முகைதீன். அவர் தண்ணீரைப் பார்த்துப் பிரெஞ்சில் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். துணி நழுவிப் போனது.

கரையில் கிடந்து மூச்சு வாங்கியபின் வைரவன் கேட்டான். "என்ன சொன்னீங்க, பாய்?"

அவர் ஏழாம் கல்லைப் பார்த்தார்.

"அவனை விட்டுடு, துணியை நான் புடிச்சுக்கிறேன்னேன்."

அன்று மாலையே ஃபோர்க்லிஃப்ட்டில் அந்தக் கல்லை ஏற்றி, பண்ணைக்கு வெளியே மணலில் ஆழக் குழிதோண்டிப் புதைத்தார்கள். முதலாளி கேட்டால் உடைந்துவிட்டது என்று சொல்வதாக கௌஸ் முகைதீன் ஏற்றுக்கொண்டார். எல்லாம் கலாஸ், போய்ச் சாப்பிடு என்றார்.

மறுநாள் மதியம் அவரைச் சாப்பிடக் கூப்பிட வைரவன் கேபினுக்குப் போனான். அவர் கட்டிலில் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தார். மார்புக்கு மேலே இரண்டு கைகளும் எழும்பி, முஷ்டி இறுகி, எதையோ மெல்ல மெல்ல முறுக்கிக்கொண்டிருந்தன.

வைரவன் பாய் பாய் என்று உலுக்கினான். அவர் எழவில்லை. முஷ்டியைப் பிரிக்கப் பார்த்தான். முடியவில்லை.

வெறுங்கைதான். அதற்குள்ளிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.