ஒரு 'ம்' போதுமே!

"ஐயோ... முதலாளீ...!"

அலறல் மாடி வரை கேட்டது.

மாடியில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த மாப்பிள்ளை, நாலு நாலு படியாகத் தாவி இறங்கி வந்தான்.

வரவேற்பறை சோபாவில் அவன் மாமனார், டயர் முதலாளி, சாய்ந்து கிடந்தார். வாய் திறந்திருந்தது. கழுத்தைச் சுற்றி... மைக் வயர்!

ஊரிலுள்ள லாரிகளில் பாதி அவர் விற்ற டயரில்தான் ஓடின. அவர் ஓட்டம் நின்றிருந்தது.

அலறியவர் பெயர் சிற்பி. கல்லைத் தொட்டவரல்ல. 'வாழ்க்கைச் சிற்பி' என்பது அவரே அவருக்குக் கொடுத்துக்கொண்ட பட்டம். பணக்காரர்களைப் பேட்டி எடுத்து வாழ்க்கை வரலாறு எழுதுவது தொழில். இதுவரை பதினோரு புத்தகங்கள். பதினோரு பேரும் தெருவிளக்கில் படித்தவர்கள். பதினோரு பேரின் அம்மாக்களும் வளையலை விற்றவர்கள்!

"பாத்ரூம் போயிட்டு வர்றதுக்குள்ள... முடிச்சுட்டாங்களே!"

சிற்பி விம்மினார். விம்மும்போதும் தலை கலையாமல் பார்த்துக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் வந்தார். பின்னாலேயே ஏட்டு.

"வீட்ல வேற யாரு இருந்தா?"

"வீட்டோட மாப்பிள்ளை. அவர் மட்டும்தான்!" கேள்வி முடியுமுன் சிற்பி பதில் சொன்னார். "என் ரெக்கார்டரைக் கேளுங்க சார். இன்னிக்குக் காலைல எடுத்த பேட்டி. தேதி, நேரம் எல்லாம் அதுலயே இருக்கு. நான் எதுவும் சொல்லப்போறதில்ல. சிற்பி பேசக் கூடாது... சிலைதான் பேசணும்!"

"அடடா!" என்றார் இன்ஸ்பெக்டர். இலக்கியம் அவருக்குப் புரியாது. அதனாலேயே அதன் மேல் மரியாதை அதிகம்.

பட்டனை அழுத்தினார்.

சிற்பியின் குரல் கணீரென்று ஒலித்தது.

"ஐயா... உங்க மனசுல ஒரு ஆறாத ரணம் இருக்கு, இல்லையா?"

"ம்."

"அதுக்குக் காரணம் உங்க மாப்பிள்ளைதான்னு சொல்ல வர்றீங்க?"

"ம்..."

"சொத்துக்காக உங்களைத் தீர்த்துக் கட்டிடுவாரோன்னு, கண்ணீர்ல தலையணை நனைய, தூக்கமில்லாம..."

"ம். ம்."

"எவ்வளவு அழகா சொல்றீங்க ஐயா!"

ஏட்டு மூக்கைச் சிந்தினார்.

மாப்பிள்ளை குறுக்கே பாய்ந்தான்.

"சார், இது மாமா குரலே இல்ல!"

"'ம்'முக்கு ஏதுய்யா தனிக் குரல்? கையை நீட்டு!"

"சார், ஒரு நிமிஷம்! மூணு மாசமா பேட்டி எடுத்து இந்தாளு எழுதினதை நேத்து வாங்கி மாமாகிட்ட படிக்கக் குடுத்ததே நான்தான். மாமா பங்களால பொறந்தவர்... இவர் குடிசைன்னு எழுதியிருக்கார். எங்க அத்தை கல்லு மாதிரி, மூத்த பொண்ணு வீட்ல இருக்காங்க. இவர் நாலாவது அத்தியாயத்துலயே அவங்களை எரிச்சுட்டார்! மாமா கொதிச்சுப் போய், புத்தகமே வேணாம்னுட்டார்."

"வாசகன் அழணும்ல?" சிற்பி சீறினார். "இது கூட்டுப் படைப்பு சார்! அவர் வாழ்ந்தார். நான் சொன்னேன். அவர் 'ம்' கொட்டினார்!"

இன்ஸ்பெக்டர் மாப்பிள்ளையை முறைத்தார்.

"ஆக, புத்தகம் வந்தா உன் வண்டவாளம் வெளிய வந்துரும்னு ஆளையே முடிச்சுட்டே. இல்லையா?"

"ஐயோ, இல்ல சார்!"

"இல்லேன்னா சொன்னே? ஏட்டு, 'தயங்கினார்'னு எழுதிக்குங்க."

விலங்கு மாட்டும் சத்தம்... க்ளிக்!

அப்போது வாசலில் ஆட்டோ நின்றது. முதலாளியின் இளைய மகள் உள்ளே வந்தாள். புருஷன் கையில் விலங்கு. சோபாவில் அப்பா.

"அப்பா...!"

அவள் கையிலிருந்த சின்னப் பெட்டி விழுந்து திறந்தது. பட்டாணி அளவில் ஏதோ ஒன்று தரையில் உருண்டு, இன்ஸ்பெக்டரின் பூட்ஸில் மோதி நின்றது.

"என்னம்மா இது?"

"அப்பாவோட... காது மெஷின் சார்." அவள் தேம்பினாள். "நேத்து சாயந்திரம் ரிப்பேருக்குக் குடுத்தேன். இப்பத்தான்... வாங்கிட்டு வர்றேன்..."

"இது இல்லேன்னா?"

"பக்கத்துல வெடி வெச்சாலும் கேக்காது சார். வெளியாளுங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு காதுக்கு உள்ளாற மாட்டிக்குவார். கௌரவம்!"

"காலைல நான் சாப்பிடக் கூப்பிட்டதுக்கே 'என்னா? என்னா?'ன்னு கத்தினார் சார்," என்றான் மாப்பிள்ளை.



இன்ஸ்பெக்டர் மெல்லத் திரும்பினார்.

"சிற்பி சார்... மூணு மாசமா எதிர்ல உட்கார்ந்து பேட்டி எடுத்திருக்கீங்க. அவருக்குக் காது கேக்காதுன்னு உங்களுக்குத் தெரியாது?"



"நான்... கேள்வியில கவனமா இருந்தேன் சார்..."

"பதில்ல?"

"பதிலெல்லாம்... முன்னாடியே எழுதி வெச்சுருவேன்!"

"அப்போ மெஷின் இல்லாத மனுஷன் இன்னிக்கு ஒவ்வொரு கேள்விக்கும் டாண் டாண்னு 'ம்' கொட்டினது எப்படி? எங்க... நீங்க ஒரு தடவ 'ம்' சொல்லுங்க, கேப்போம்!"

சிற்பி உதடுகளை இறுக்கிக்கொண்டார்.

அப்புறம் உடைந்தார்.

"புத்தகத்தை நிறுத்துன்னான் சார்! அட்டை அச்சாயிடுச்சு! விழாவுக்கு மண்டபம் புக் பண்ணியாச்சு! உயிரோட இருக்குற ஆளு குறுக்க குறுக்க பேசினா, ஒருத்தன் எப்படி சார் வரலாறு எழுதுவான்?"

"அதனால வந்த உடனே கழுத்தை நெரிச்சுட்டு, பிணத்துக்குப் பக்கத்துல உட்கார்ந்து, நீங்களே கேட்டு, நீங்களே 'ம்' கொட்டி... புத்தகத்தைக் கெடுத்த மாப்பிள்ளையை உள்ள தள்ளப் பார்த்தீங்க!"

சிற்பி தலை குனிந்தார்.

"ஆனா... என் பேட்டியிலயே அதான் சார் பெஸ்ட்டு. ஒரு இடத்துலகூட இடறல!"

விலங்கு கை மாறியது.

மாப்பிள்ளை மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"நான் கேட்டதை மனசுல வெச்சுக்காதீங்க தம்பி," என்றார் இன்ஸ்பெக்டர். மன்னிப்பு என்ற சொல்லை மட்டும் ஜாக்கிரதையாகத் தவிர்த்தார்.

ஸ்டேஷன்.

சிற்பி தொண்டையைச் செருமினார். தலையைக் கோதிக்கொண்டார்.

"சார், என் வாக்குமூலத்தை நானே என் நடையில சொல்றேன். கதை என் சின்ன வயசுல ஆரம்பிக்குது. தெருவிளக்கு... எங்கம்மா வளையலை..."

"ஏட்டு எழுதி முடிச்சுட்டார்."

ஏட்டு பெருமையோடு வாசித்தார். "'சிறு வயது முதலே கோழி திருடி வந்த நான், பணத்தாசை தலைக்கேறி...'"

சிற்பி பதறி எழுந்தார்.

"கோழியா? நான் எங்க சார் கோழி திருடினேன்? பணத்துக்காகவும் பண்ணல... கலைக்காகப் பண்ணினேன்! அது என் வாழ்க்கை சார்!"

"படிக்கிற ஜட்ஜுக்குப் புரியணும்ல? கோழி வந்தாத்தான் ஆரம்பம் எடுப்பா இருக்கு," என்றார் ஏட்டு.

"நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க சார்!"

இன்ஸ்பெக்டர் டீயை ஓர் உறிஞ்சு உறிஞ்சினார்.

"நீங்க சும்மா 'ம்' கொட்டுங்க சிற்பி, போதும். முடியலேன்னா விடுங்க... நம்ம ஏட்டுக்கு அதுவும் நல்லா வரும்!"